வந்து சேர்ந்தவர்களுக்கே பதக்கம்

பழைய கார் வைத்திருப்பவர்களின் அகில இந்தியக் கூடுகை ஒன்றை நடத்தலாம் என்று எங்கள் குழுவில் பேச்சு எழுந்ததும், முதல் விவாதம் பரிசைப் பற்றியே வந்தது. யாருக்குக் கோப்பை? பளபளப்புக்கா, அசல் பாகங்களுக்கா, புதுப்பிக்கக் கொட்டிய பணத்துக்கா? யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. ஒரு கூடுகை எதைப் பாராட்டுகிறதோ, அடுத்த முறை அதுவாகவே மாறிவிடும். மினுக்கத்துக்குக் கோப்பை கொடுத்தால், மறுமுறை எல்லாக் கார்களும் லாரியில் ஏறித்தான் வரும்.

எங்களுடையவை ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்து, 1961 முதல் சென்னையை ஒட்டிய வண்டலூரில் தயாரான கார். உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலாட்டி. மட்கார்டுகளோடு சேர்த்து முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னால் சாயும். முன்டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். தனிச் சேசிஸின் மேல் போல்ட் போட்டுப் பிணைத்த உடல் என்பதால் துருப்பிடித்த பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம். இங்கிலாந்தில் எஞ்சினைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். இங்கே 948 சி.சி.யே நின்றது, ஆனால் நான்கு கதவு வைத்த ஹெரால்டு பிறந்தது இந்தியாவில்தான்.

1980-களின் இறுதியில் அந்த நிறுவனமே கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் இந்த வண்டிகள் ஓடுகின்றன என்றால் காரணம் சென்னையின் உதிரிபாகச் சந்தைகளான புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு, ஊர் ஊராக இருக்கும் லேத் பட்டறைகள். இல்லாத புஷ்ஷைக் கடைந்து கொடுத்த கைகள் அவை. அவர்கள் கடைந்தது ஓடுவதற்காக. கண்ணாடிக் கூண்டில் வைப்பதற்காக அல்ல.

எங்களுக்குள் எதிர்க்கருத்து இல்லாமல் இல்லை. பல வருடச் சேமிப்பைப் போட்டு அசல் நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்த நண்பருக்கு, நெடுஞ்சாலையில் தெறிக்கும் ஒரு ஜல்லிக்கல் போதும், நெஞ்சு பதறும். அந்தப் பதற்றத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நம் வீடுகளில் வெண்கலப் பானையைப் பொங்கலுக்குத்தான் பரணிலிருந்து இறக்குகிறோம். இறக்கினால் அடுப்பில் ஏற்றுகிறோம், கரி பிடிக்கிறது, பிறகு புளி போட்டுத் தேய்க்கிறோம். பானையின் மரியாதை அதில் ஒன்றும் குறைவதில்லை.

உலகத்தின் பெரிய கூடுகைகளும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் போகும் ஓட்டம், வேக வரம்பைத் தளர்த்திய சட்டத்தைக் கொண்டாட 1896 நவம்பர் 14 அன்று நடந்த பயணத்தின் நினைவாக நடப்பது. 1905-க்கு முந்தைய கார்கள். ஏறத்தாழ 60 மைல். பந்தயம் கிடையாது, முதலிடம் கிடையாது. குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் பதக்கம். வழியில் நின்றுபோன வண்டியைச் சுற்றி ஜனம் கூடுகிறது, தள்ளிவிடுகிறது. கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சோ 1950 முதல் அழகுப் போட்டிக்கே பேர்போன இடம். அங்கேயும்கூட இப்போது, கண்காட்சிக்கு முன் நடக்கும் சாலைப் பயணத்தை முடித்த காருக்கு, ஒரு பிரிவில் மதிப்பெண் சமமாக வந்தால் முன்னுரிமை. புல்வெளியில் நிற்பதையே அழகின் உச்சம் என்று கொண்டாடியவர்கள், ஓடி வந்த வண்டிக்கு இந்தச் சிறு சலுகையாவது தந்தாக வேண்டும் என்று நினைத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நம் சட்டமும் பழைய வண்டிக்குச் சாலையை முழுவதுமாக மூடிவிடவில்லை. 50 ஆண்டு கடந்த, உருமாறாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய 2021-இல் விதி வந்தது. அப்படிப் பதிவான காரை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, ரேலி, பெட்ரோல், பழுதுபார்ப்பு போன்ற காரணங்களுக்கே சாலைக்கு வரலாம். அப்படிப்பட்ட காருக்குக் கூடுகை என்பது சாலையைப் பார்க்கக் கிடைக்கும் அரிய வாய்ப்பு. அந்த ஒரு நாளிலும் அதை லாரியில் கட்டிக் கொண்டுவருவது அநியாயம்.

ஆகவே நான் முன்வைத்த திட்டம் இது. கொல்கத்தாவிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வருகிறவர்களை முழுத் தூரமும் ஓட்டி வரச் சொல்ல முடியாது. வண்டலூர்வரை லாரியில் வரட்டும். அங்கிருந்து எல்லாரும் சாலையில்தான். ஒரகடம், வாலாஜாபாத், காஞ்சிபுரம், வேலூர், ஆம்பூர் வழியாக ஏலகிரி. தங்களைப் பெற்ற தொழிற்சாலை மூடிக் கிடந்த ஊரில் கிளம்பி, புதிய கார்கள் சாரி சாரியாக வெளிவரும் ஒரகடத்தை இந்த வண்டிகள் கடந்துபோக வேண்டும் என்பது என் ஆசை. ஏலகிரி ஏற்றத்தின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் 25 அடி வட்டம் கைகொடுக்கும், 948 சி.சி.தான் திணறும். அதனால் தை மாதம், விடிகாலைப் புறப்பாடு. வேகம், வந்திருப்பதிலேயே மெதுவான வண்டியின் வேகம். ஏற்றம் தொடங்குமுன் எல்லா ரேடியேட்டரும் ஆறவேண்டும். இன்றைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும் என்பதால், ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் மாற்றியாயிற்றா என்று முன்கூட்டியே ஒவ்வொருவரிடமும் கேட்டாக வேண்டும். கூட வரும் மெக்கானிக்குகள் கூலிக்கு வருகிறவர்களாக அல்ல, மனைவி மக்களோடு விருந்தாளிகளாக வரவேண்டும். மேடையில் முதல் மாலை அவர்களுக்கு. பதக்கம், ஓட்டி வந்து சேர்ந்த எல்லாருக்கும்.

மலைமேல் இரண்டாம் நாள் நிகழ்ச்சி எதுவும் வைக்கவேண்டாம் என்றேன். புங்கனூர் ஏரிப் பக்கம் அமைதியான சாலை உண்டு. அன்று ஸ்டீயரிங்கைப் பிடிப்பவர்கள், இதுவரை ஹெரால்டு ஓட்டியே அறியாதவர்கள். காருக்குச் சொந்தக்காரர் இடப்பக்கம் உட்கார்ந்துகொள்வார். குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக்கை எவ்வளவு இழுப்பது, எந்தச் சத்தம் கேட்டால் கியரைக் குறைப்பது என்பதெல்லாம் சொல்லிப் புரிவதில்லை. எங்கள் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் கை ஓய்ந்தால் வண்டியும் நின்றுவிடும், உதிரிபாகம் எவ்வளவு சேர்த்து வைத்திருந்தாலும்.

இதற்காகப் பதிவுப் படிவத்தில் ‘இரண்டாவது ஓட்டுநர்’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அதைக் காலியாக விட்டு அனுப்புகிறவர்களோடு தொலைபேசியில் பேசும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மகளோ, பேரனோ, தெருமுனைப் பட்டறைப் பையனோ, ஒரு பெயர் எழுதும்வரை விடுவதாக இல்லை.