தன்னைத் தானே நோக்கும் கண்

தன் முகத்தைத் தானே படம் பிடித்துக்கொள்வது தற்பெருமையா, தற்சோதனையா? கைப்பேசியை நீட்டிப் பிடித்து நாள்தோறும் தம்மைப் படமெடுத்துக்கொள்வோர் பெருகிவிட்ட இக்காலத்தில், தற்பெருமையே என்று விடை கூறி நாம் நகர்ந்துவிடுவோம். ஆனால் புகைப்படக் கலையின் வரலாறு அத்துணை விரைவாகத் தீர்ப்பளிக்க இடம் தருவதில்லை.

அக்கலை உலகறிந்த மறு ஆண்டிலேயே, 1840இல், பிரான்சு நாட்டின் இப்போலித் பயார் தம்மை நீரில் மூழ்கி இறந்தவராகப் படமெடுத்தார். காகிதத்தில் நேரடியாகப் படம் பதியும் முறையைக் கண்டறிந்தவர் அவர். ஆயினும் அரசின் உதவித்தொகையும் புகழும் தாகெரையே சேர்ந்தன. அப்புறக்கணிப்பால் இவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று படத்தின் பின்புறம் தம் கையாலேயே எழுதிவைத்தார். உண்மையிலோ 1887 வரை வாழ்ந்தார். காட்சி பொய், அதில் தேங்கிய வேதனை மெய். நேரே சொல்ல இயலாத துயரத்துக்கு வேடமும் ஒரு மொழியாகலாம் என்பதை அப்படம் அன்றே காட்டியது.

இம்மொழியை ஆழப் பயின்றவர் இங்கிலாந்தின் ஜோ ஸ்பென்ஸ். 1934இல் பிறந்த அவர், 1967 முதல் 1974 வரை இலண்டனில் நிழற்பட நிலையம் நடத்தி, மணமக்களையும் குடும்பங்களையும் படமெடுத்துப் பிழைத்தார். சிரித்த முகம் காட்டச் செய்வதே அத்தொழிலின் முதற்பாடம். எந்த வீட்டு ஆல்பத்தைப் புரட்டினாலும் திருமணம் இருக்கும், மனக்கசப்பு இராது. தொட்டில் இருக்கும், நோய்ப்படுக்கை இராது. 1979இல் 'குடும்ப ஆல்பத்திற்கு அப்பால்' என்னும் தொகுப்பில், தம் படங்களையே வரிசைப்படுத்தி, இவை எவற்றை மறைத்தன என்று அவர் வினவினார்.

1982இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. அப்போது, இது ஜோ ஸ்பென்சின் உடைமைதானா என்னும் வினாவைத் தம் மேனியிலேயே எழுதிப் படமெடுத்து, அப்படத்தை மருத்துவமனைக்கு உடன் கொண்டு சென்றார். மார்பகம் முழுவதையும் அகற்ற இசையாமல், கட்டியை மட்டும் நீக்கச் சம்மதித்தார். அம்முடிவு யாவர்க்கும் பொருந்தும் என நாம் கூறவில்லை. அச்சமும் கூச்சமும் வாயை அடைக்க, நோயை மறைத்தே உயிரிழக்கும் பெண்கள் எத்தனை பேர்! தன் உடலைப் பற்றி வாய்திறந்து கேட்கும் துணிவை அப்படம் அவருக்கு அளித்தது என்பதே நாம் கருதத்தக்கது.

1984 முதல் ரோஸி மார்ட்டின் என்பாருடன் சேர்ந்து, படமெடுத்தலையே மனநோவுக்கு மருந்தாக்க முயன்றார். ஒருவர் கேமராவைப் பிடிக்க, மற்றவர் தம் பழைய நாட்களை நடித்துக் காட்டுவார். பின்னர் இடம் மாறிக்கொள்வர். அவ்வாறு ஸ்பென்ஸ், போர்க்காலத் தொழிலாளியாயிருந்த தம் தாயின் வேடம் புனைந்தார். உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்ததைக் குறித்துத் தமக்குள் ஊறியிருந்த வெட்கத்தையும் ஆராய்ந்தார். தாயின் மீது நெடுநாள் மனத்தாங்கல் கொண்ட பிள்ளை, ஒரு பொழுதேனும் அவள் உடையில் நின்று பார்த்தால், தன் தீர்ப்பை மறுபடி எண்ணிப் பார்க்க நேருமன்றோ?

அந்தரங்கத் துயரை அம்பலப்படுத்துவது நாணத்துக்கு இழுக்கல்லவா என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே. பிறர் இரக்கத்தையும் கைதட்டலையும் நாடி அழுகையைக் கடைவிரித்தால், அதுவும் தற்பெருமையின் மறுவடிவமே. ஆனால் தன்னை அறிவது வேறு, அறிந்ததை ஊருக்குக் காட்டுவது வேறு. முன்னது யாவர்க்கும் கடமை; பின்னதை அவரவர் மனச்சான்று முடிவு செய்யட்டும்.

1992இல் இரத்தப் புற்றுநோயால் ஸ்பென்ஸ் மறைந்தார். புதுப்படம் எடுக்க உடல் இடந்தராத இறுதி நாட்களில், தம் பழைய படங்கள்மீது வேறு படங்களைப் பொருத்தி, நெருங்கும் மரணத்தைச் சிந்தித்தார். ஆகவே, தன்னைப் படமெடுப்பவரைப் பழிக்குமுன் ஒன்றை நோக்குவோம்: அவர் தம் குறையை மறைக்கப் பார்க்கிறாரா, காணப் பார்க்கிறாரா? தற்பெருமையையும் தற்சோதனையையும் பிரிக்கும் எல்லை அதுவே.