விழப்போகிற பல்தானே என்கிறீர்களா?

பிள்ளைக்கு ஒரு வயது ஆகப்போகிறது. திருவாடானைப் பக்கத்துக் குடும்பம் அப்போது என்னென்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். குலதெய்வம் கோயிலிலோ திருவெற்றியூர் பாகம்பிரியாள் கோயிலிலோ மொட்டை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்து. பத்திரிகை, பந்தல், கிடா, மொய் நோட்டு. கடன் வாங்கியாவது நடக்கும். சவூதியில் வேலை பார்க்கும் மாமன் லீவு போட்டு வந்து சேருவார். பிள்ளை வலியில் கதறும். "அழட்டும், நல்லதுக்குத்தானே" என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்வார்கள்.

முதல் பல் முளைத்து ஆறு மாதத்துக்குள், அதிகம் போனால் முதல் பிறந்தநாளுக்குள், பிள்ளையை ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்கிறது குழந்தைப் பல் மருத்துவம். நம்மில் எத்தனை பேர் காட்டினோம்? காட்ட வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றியது? காதுக்கு ஊரே கூடுகிறது. பல்லுக்கு ஏன் ஒருவரும் வருவதில்லை?

எல்லார் வாயிலும் பதில் தயாராக இருக்கிறது: "விழப்போகிற பல்தானே!"

இந்தப் பேச்சை விட்டுவிட முடியாது. வாதாடித்தான் ஆக வேண்டும். பால்பற்கள் மொத்தம் 20. ஆறாம் மாதத்தை ஒட்டி முளைக்கத் தொடங்கி, இரண்டரை மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். முன்பல் ஆறேழு வயதில் விழும், ஒப்புக்கொள்கிறேன். கடைவாய்ப் பால்பல் எப்போது விழும்? பத்து, பதினொன்று, சில பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதில். ஐந்தாம் வகுப்பு முடிகிறவரை பிள்ளை சோறு மெல்வது அந்தப் பல்லில்தான். மூன்று வயதில் அது சொத்தையானால், விழுகிற நாள்வரை ஏழெட்டு வருடம் உறுத்தும், குத்தும், வீங்கும். உங்கள் கடைவாய்ப்பல் ஏழெட்டு வருடம் வலித்தால் பேசாமல் இருப்பீர்களா? என்றோ ஒருநாள் போகப்போவது என்பதற்காக ஒன்றைக் கவனிக்க வேண்டாம் என்றால், மனிதனும் என்றோ ஒருநாள் போகப்போகிறவன்தானே. அவனுக்கு மட்டும் மருத்துவமனை எதற்கு?

பால்பல்லின் மேல்பூச்சான எனாமல், நிலைப்பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதி கனம்தான். அதனால் சொத்தை வேகமாக உள்ளே இறங்கிவிடும். அதன் வேருக்கு அடியில், தாடைக்குள், அடுத்து வரவேண்டிய நிலைப்பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. மேலே சீழ் கட்டினால் அடியில் வளரும் பல்லின் பூச்சும் கெட்டு, மஞ்சளும் பழுப்புமாகக் குழி விழுந்து முளைக்கலாம். கடைவாய்ப் பால்பல்லை முன்கூட்டியே பிடுங்கினாலோ, பக்கத்துப் பல் சரிந்து வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வரும் பல் இடமில்லாமல் கோணிக்கொண்டு வரும்.

இன்னொன்று பல வீடுகளில் தெரியாமலே போகிறது. ஆறு வயதில், எந்தப் பால்பல்லும் விழாமலே, வரிசைக்குக் கடைசியில் ஒரு பெரிய பல் முளைக்கும். மேலும் கீழுமாக நான்கு. அவை நிலைப்பற்கள். வாழ்நாள் முழுக்க ஒரே தடவை முளைப்பவை. எதுவும் விழாததால் அதையும் பால்பல் என்றே எண்ணி விட்டுவிடுகிறோம். எட்டு வயதில் அது கறுத்துக் குழி விழுந்த பிறகும், "விழுந்து வேறு முளைக்கும்" என்று காத்திருக்கிறோம். முளைக்காது. அந்தப் பிள்ளைக்கு வேறு பல் இல்லை.

அடுத்த வழக்கம், பூச்சி. சொத்தைப் பல்லைப் பூச்சிப்பல் என்கிறோம். பூச்சி என்று நம்பினால் அதை எடுக்க ஒருவர் வேண்டும், அவரும் இருக்கிறார். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, புகையை வாய்க்குள் பிடிக்கச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக, நெளிந்த வடிவில் சில விழும். "பாருங்க, பூச்சி!" கூட்டம் வாயைப் பிளக்கும். ஐரோப்பாவிலும் இதே வேலை நூற்றாண்டுக்கணக்கில் நடந்தது. அங்கே ஹென்பேன் என்ற செடியின் விதை. அதுவும் கத்திரிக் குடும்பம்தான். விழுந்தவற்றை நிதானமாகப் பார்த்தவர்கள் கண்டது என்ன? சூட்டில் வெடித்த விதைக்குள்ளிருந்து வெளிவந்த முளைக்கரு. பல்லுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் சொல்வதை நம்ப வேண்டாம். விதையைத் தணலில் போடுங்கள், யாரையும் வாய் காட்டச் சொல்லாமல் ஒரு தட்டைக் காட்டுங்கள். தட்டுக்கும் பூச்சிப்பல் இருந்ததா என்று பிறகு பேசலாம்.

பிரான்சின் பியர் ஃபோஷார் 1728-ல் தம் பல் மருத்துவ நூலில் பூச்சிக் கதையை ஏற்க மறுத்தார். பல் மருத்துவர் வில்லோபி மில்லர் 1890-ல் காரணத்தையே விளக்கிவிட்டார். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் நாம் தின்னும் இனிப்பையும் மாவையும் தின்று அமிலம் விடுகின்றன. அமிலம் பல்லைக் கரைக்கிறது. அவ்வளவுதான். யார் சாபமும் இல்லை, தலையெழுத்தும் இல்லை. "எங்க வம்சத்துக்கே பல் சரியில்லை" என்பார்கள். வம்சத்துக்கு வம்சம் தொடர்ந்து வருவது பெரும்பாலும் பழக்கம். அதோடு, தாய் வாயில் வைத்து ருசி பார்த்த கரண்டி வழியே பிள்ளை வாய்க்குப் போகும் கிருமி.

இந்த அமிலக் கணக்கை ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்ள வேண்டும். இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் பல்மேல் அமிலம் ஏறுகிறது. அமிலம் ஏற ஏற இறங்கும் பிஹெச் அளவு 5.5 என்ற எல்லைக்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே எவ்வளவு தின்றோம் என்பதோடு எத்தனை தடவை தின்றோம் என்பதும் சேர்கிறது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை ஒரே மூச்சில் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்கும் பிள்ளையைவிட, அதையே காலையிலிருந்து சாயங்காலம் வரை கையில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் பல் சீக்கிரம் கரையும். அழுதால் பிஸ்கட், அடம் பிடித்தால் மிட்டாய், வெளிநாட்டிலிருந்து வந்த டப்பாவில் சாக்லேட். பாசம் என்று நாம் நினைத்துக் கொடுக்கும் ஒவ்வொன்றும் அந்த வாயில் ஒரு மணி நேர அமிலம்.

நம் ராமநாதபுரம் மாவட்டம் பனங்காடு. "சீனிதான் கெடுதல், நாங்கள் கருப்பட்டியும் பனங்கற்கண்டும்தான் கொடுக்கிறோம்" என்று சொல்லாத வீடு இங்கே குறைவு. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கிற அதே பொருள். கரும்பில் வந்ததா, பனையில் வந்ததா என்று கிருமி விசாரிப்பதில்லை. தேன் தடவிய சூப்பானுக்கும் இதே பதில்தான். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் வேறொரு நஞ்சுக் கிருமியையும் கொண்டு வரலாம் என்பதால் மருத்துவம் அதை அடியோடு விலக்குகிறது. பிறந்தவுடன் நாக்கில் சேனை வைப்பதையும் இதோடு சேர்த்தே யோசியுங்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்று தெரிந்த பிறகு, பெரியவர் குணம் பிள்ளைக்கு வரும் என்ற நம்பிக்கைக்காக அதன் வாயில் சீனித் தண்ணீர் எதற்கு?

எல்லாவற்றிலும் மோசமானது ராத்திரி பாட்டில். சீனி போட்ட பாலை வாயில் வைத்தபடி பிள்ளை உறங்கிவிடும். உறக்கத்தில் எச்சில் சுரப்பு அடங்கிவிடும். மேல் முன்பற்களைச் சுற்றிப் பால் தேங்கி நிற்கும். விடிய விடிய அமிலம். கீழ் முன்பற்களை நாக்கு மூடியிருப்பதால் அவை தப்பும், மேற்பற்கள்தான் போகும். பிள்ளையின் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல மங்கலான வெள்ளைப் பட்டை தெரிகிறதா? அதுதான் தொடக்கம். அந்தக் கட்டத்தில் பிடித்தால் துளையில்லாமல், ஊசியில்லாமல் நிறுத்த முடியும். பார்க்காமல் விட்டால் பழுப்பு, அப்புறம் கறுப்பு, அப்புறம் ஈறோடு ஒட்டிய குச்சி.

மேல்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்று பரிகாரம் தேடி ஓடுகிறோம். கீழ்ப்பல் முதலில் வருவது பெரும்பான்மை, மேல்பல் முதலில் வருவது சிறுபான்மை. மாமன் ஆயுளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இதிலாவது நஷ்டம் பணத்தோடு போகும். "பல் முளைக்குது, அதான் பேதி" என்பது உயிரையே எடுக்கும். பல் முளைப்பதால் பேதியாகாது. அந்த வயதில் பிள்ளை தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கிறது, கிருமி உள்ளே போகிறது. அதற்கு வேண்டியது உப்பு சர்க்கரைக் கரைசலும் மருத்துவரும். பல்மேல் பழி போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருந்தால், அந்த இரண்டு நாளில் பிள்ளை வற்றிப்போகும்.

பல்வலி உள்ள மூன்று வயதுப் பிள்ளை "எனக்குப் பல் வலிக்கிறது" என்று சொல்லாது. ஒரு பக்கமாக மெல்லும். கறியை ஒதுக்கும், சோற்றை வாயிலேயே அடக்கி வைத்திருக்கும். ராத்திரி எழுந்து அழும். நாம் அதை "சேட்டை" என்போம், "கண்ணு பட்டுருச்சு" என்று உப்பு மிளகாய் சுற்றிப் போடுவோம். பள்ளிக்கூடம் போன பிறகு, சிரிக்கும்போது கையால் வாயை மூடப் பழகிக்கொள்ளும். ஐந்து வயதில் தன் முகத்தைப் பார்த்துக் கூசும் நிலைக்கு ஒரு குழந்தையைத் தள்ளியது யார்? அந்தக் குழந்தை கடைக்குப் போய் பாட்டில் வாங்கியதா?

வீக்கம் கன்னத்தோடு நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2007-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், சொத்தைப் பல்லின் கிருமி மூளைக்கு ஏறி 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். 80 டாலரில் பிடுங்கியிருக்கக்கூடிய ஒரு பல். கடைசி வாரங்களில் மருத்துவமனைச் செலவு இரண்டரை லட்சம் டாலர். பணக்கார நாட்டில் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நேர்ந்தது அது.

தாய்மாரைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் அல்ல. விடியுமுன் குண்டு மிளகாய் பறிக்கப் போகிறவள் பிள்ளையை அம்மாச்சியிடம் விட்டுவிட்டுத்தான் போக முடியும். அம்மாச்சிக்குத் தெரிந்த ஒரே சமாதானம் பிஸ்கட். அவர்களிடம் இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. ஆனால் தகப்பன்மாரே, பல் விளக்கிவிடுவது பெண்பிள்ளை வேலை என்று எந்த அறிவு சொன்னது?

வேலை என்ன? ராத்திரி, உறங்குமுன், இரண்டு நிமிடம். பிள்ளையின் பின்னால் உட்காருங்கள். அதன் தலையை உங்கள் நெஞ்சில் சாய்த்துக்கொள்ளுங்கள். ஒரு விரலால் உதட்டை விலக்கி, சிறு பிரஷ்ஷால் ஈறோரமாகத் தேயுங்கள். மூன்று வயதுவரை அரிசி அளவு பேஸ்ட், அதற்குமேல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு. காலையில் மறுபடி ஒரு தடவை. ஏழெட்டு வயதுவரை நீங்களே தேய்த்துவிட வேண்டும், அதுவரை அந்தக் கைக்கு அந்தத் திறமை வராது. ராத்திரி தேய்த்த பின் தண்ணீர் தவிர எதுவும் வாயில் போகக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை, பல்லைத் துடைத்தால் போதும். சாம்பலும் அடுப்புக்கரியும் செங்கல் தூளும் பல்லை அராவிவிடும். பேஸ்ட் வாங்கும்போது அட்டையைத் திருப்பி, ஃப்ளூரைடு 1000 பிபிஎம் என்று போட்டிருக்கிறதா என்று படியுங்கள். ஃப்ளூரைடு விஷம் என்பவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரித் தண்ணீரைக் காட்டுவார்கள். அங்கே நிலத்தடி நீரில் அது மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்தது உண்மைதான். அளவு மிஞ்சினால் கெடுதல், அளவோடு இருந்தால் காவல். அரிசி அளவு என்று சொல்வதே அதற்காகத்தான்.

இத்தனையும் வீட்டின் பொறுப்பு. வீட்டோடு முடிவதும் இல்லை. பால்பல் சொத்தையால் உலகில் 51 கோடிக்கும் அதிகமான குழந்தைகள் அவதிப்படுவதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. ஃப்ளூரைடு பேஸ்ட்டையும், சொத்தையைத் துளை போடாமல் நிறுத்தும் சில்வர் டையமைன் ஃப்ளூரைடு என்ற தடவும் மருந்தையும் அந்த நிறுவனம் 2021-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்த மருந்து பட்ட இடம் கறுக்கும், ஆனால் சொத்தை பெரும்பாலும் நிற்கும். ஸ்காட்லாந்தில் மழலையர் பள்ளிகளிலேயே தினமும் ஆசிரியர் மேற்பார்வையில் பிள்ளைகள் பல் விளக்குகிறார்கள். நம் அங்கன்வாடிகளில் சத்துணவுக்குப் பிறகு இரண்டு நிமிடம் கிடைக்காதா?

இருக்கிற திட்டத்தையாவது கேட்டு வாங்குகிறோமா? ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2013-லிருந்து நடக்கிறது. அதன் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும். பார்க்க வேண்டிய பட்டியலில் பல்லும் இருக்கிறது. ராமநாதபுரத்தில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. தொண்டியிலிருந்தும் ஆர்.எஸ். மங்கலத்திலிருந்தும் பஸ் ஏறிப் போகக்கூடிய தூரம்தான்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள். நம் அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு இந்த ஆண்டு வந்ததா? வந்தவர்கள் பிள்ளைகளின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்களா? திருவாடானை அரசு மருத்துவமனையில் பிள்ளைகளுக்குப் பல் பார்ப்பது எந்தெந்தக் கிழமை? பதிலைத் தீர்மான நோட்டில் எழுத வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.