சண்டை மீனுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

பசார் மாலாமில் சண்டை மீன் விற்கும் கடையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மீன், நடுவில் அட்டை. "கொஞ்சம் தண்ணி போதும், இது வயல் மீன்" என்பார் கடைக்காரர். பையன்களும் அதை நம்பி, ஜாம் போத்தலில் விட்டு மேசை மேல் வைப்பார்கள்.

எங்கள் இளைஞர் வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, மீனுக்குப் போய் பாவ புண்ணியம் பார்க்கணுமா? அதான் உயிரோட இருக்கே!" எனக்கு இது நல்ல கேள்வியாகவே பட்டது.

முதலில் அந்த வயல் கதை. கெடாவின் வயலிலும் வாய்க்காலிலும் சண்டை மீன் இனம் ஒன்று உண்டு. பெத்தா இம்பெல்லிஸ் என்பது அதன் பெயர். லத்தீனில் இம்பெல்லிஸ் என்றால் சண்டைக்குப் போகாதது என்று பொருள்! கடையில் விற்பது சயாமிலிருந்து வந்த பெத்தா ஸ்ப்ளெண்டென்ஸ். சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டது, பின்னால் அழகுக்காக வால் நீட்டப்பட்டது. இரண்டுமே வாழ்வது ஆழம் குறைந்த நீரில்தான். ஆனால் வயல் ஆழமில்லாதது, சிறியதில்லை. செடி உண்டு, நிழல் உண்டு, ஒளிய இடம் உண்டு. தலைக்குள் இருக்கும் ஒரு தனி உறுப்பால் இந்த மீன் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். அதனால்தான் போத்தலில் உடனே சாவதில்லை. அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவோ செவுளைச் சுட்டுக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு உயிர் தாங்கிக்கொள்கிறது என்பதால் அது அதற்குப் போதும் என்று ஆகிவிடுமா? தோட்டத்துப் பிள்ளைகளான நாம் இதை மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்ள வேண்டும். லயத்து வீட்டில் ஒரே அறைக்குள் குடும்பம் முழுக்கப் படுத்து எழுந்த காலம் நம் தாத்தா பாட்டிக்குத் தெரியும். "அவங்களுக்குப் பழகிப்போச்சு" என்று சொன்னவர்கள் யாரும் அந்த அறையில் படுத்தவர்கள் இல்லை.

பாகவதத்தில் மச்சாவதாரக் கதை இருக்கிறது. திராவிட தேசத்து அரசன் சத்தியவிரதன் கிருதமாலை நதியில் தர்ப்பணம் செய்யும்போது கையில் ஒரு குஞ்சு மீன் வந்தது. (அந்த நதி நம் வைகைதான் என்று சொல்வோர் உண்டு.) பெரிய மீன்களுக்குப் பயந்து அது அடைக்கலம் கேட்க, கமண்டலத்தில் வைத்தான். ஒரே இரவில் இடம் போதவில்லை. பெரிய பாத்திரத்துக்கு மாற்றினான், பிறகு குளத்துக்கு, பிறகு ஏரிக்கு, கடைசியில் கடலுக்கு. மீன் பெருமாள் என்று தெரிவதற்கு முன்னாலேயே அவன் இத்தனையும் செய்தான் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். இடம் போதவில்லை என்று அது சொன்ன ஒவ்வொரு முறையும் மாற்றினான். நம் மீன் வாய்விட்டுச் சொல்லாது. துடுப்பை மடக்கிக்கொள்ளும், நிறம் மங்கும், அடியில் கிடக்கும்.

ஆக, குறைந்தது 10 லிட்டர் தொட்டி, முடிந்தால் 20. குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே ஊற்றணும். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றினால் போதும், மொத்தமாகக் கொட்டிக் கழுவக் கூடாது. கெத்தாப்பாங் மரத்தின் காய்ந்த இலை ஒன்று போடலாம். மூடி அவசியம், எகிறிக் குதிக்கும். "தனியா இருக்கே, பாவம்" என்று இன்னொரு ஆண் மீனை விடாதீர்கள், ஒன்று மற்றொன்றைக் கிழித்துவிடும். பந்தயத்துக்கு மோத விடுகிறவர்களைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சலித்துப்போனால் வாய்க்காலில் விட்டால் புண்ணியம் என்று நினைப்பவர்களும் உண்டு. கடை மீன் நம் வயல் இம்பெல்லிஸோடு கலந்தால் அந்த இனத்தின் தூய்மையே கெடும். நீண்ட வாலோடு நீந்தத் திணறும் மீனோ கொக்குக்கு இரையாகும். பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதுதான் சரி.

தீபாவளிக்கு மூன்று நாள் பாட்டி வீட்டுக்குப் போவதென்றால் கவலை வேண்டாம். நன்றாக இருக்கும் மீன் அத்தனை நாள் பட்டினி தாங்கும். பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடம் டப்பாவை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், பாசத்தில் ஒரு பிடி கொட்டித் தண்ணீரையே கெடுத்துவிடுவார்.