ஃபெயிலானால் லாக்கைப் படி!

"எனக்கு இதெல்லாம் வராதுண்ணா, நான் வெம்பாக்கம் பக்கம்." இப்படிச் சொல்லிவிட்டு ஒதுங்கும் தம்பியே, தங்கையே, அந்தப் பேச்சை இன்றோடு விடு! உனக்கு வராது என்று முடிவு கட்டியது யார்? ஒரு செமஸ்டர் அரியரா? கேம்பஸ் இன்டர்வியூவில் உதட்டைப் பிதுக்கிய ஒரு மனிதரா? ஒரே நாளில் நடந்த தேர்வுக்கு ஆயுள் முழுக்கத் தண்டனை அனுபவிக்கிறாயே!

டெபியனைப் பார். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய இயங்குதளம். உன் அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசு கொடுத்த மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் இருந்ததா? சி-டாக் உருவாக்கிய அதற்கும் அடித்தளம் டெபியன்தான். 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில் ஏறக்குறைய 70,000 பேக்கேஜ்கள். பராமரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள். இத்தனையும் எப்படிச் சரியாமல் நிற்கிறது? ஓயாமல் சோதிக்கிறார்கள், அதனால் நிற்கிறது!

பிரேசில்காரர் அந்தோனியோ டெர்சேரோ எழுதிய டெப்சிஐ என்ற மென்பொருள் இரவு பகலாக அந்த வேலையைப் பார்க்கிறது. புதிய பதிப்பு வந்தால் டெஸ்ட். அந்தப் பேக்கேஜ் நம்பியிருக்கும் இன்னொன்று மாறினாலும் டெஸ்ட். நீ ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை, போன வாரம் பாஸ். ஆனாலும் இன்று மறுபடி டெஸ்ட்! பாஸானால் 'அன்ஸ்டேபிள்' கிளையிலிருந்து 'டெஸ்டிங்' கிளைக்குப் போகக் காத்திருக்கும் காலம் 5 நாளிலிருந்து 2 நாளாகக் குறையும். நேற்றுவரை ஓடியது இன்று உடைந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். இருபது வருட அனுபவசாலி அனுப்பினாலும் அதே வாசல்! பிழைச் செய்தியாக ஒரே ஒரு வரி வெளியே வந்தாலும், அதற்கு முன்கூட்டியே அனுமதி எழுதி வைக்கவில்லை என்றால், ஃபெயில். எந்தக் கல்லூரி, எந்த மீடியம் என்று அது யாரையும் கேட்டதே இல்லை.

ஃபெயிலானவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள்? லாக்கைத் திறந்து, உடைந்த வரியைத் தேடி, திருத்தி, மறுபடி ஏற்றுகிறார்கள். பாவில் இழை அறுந்தால் உன் வீட்டில் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்வதில்லையா? யாராவது தறியை விற்றுவிட்டா போகிறார்கள்?

"நான் அந்தத் துறை இல்லையே" என்கிறாயா? ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டும் பாதுகாப்பு நிபுணர் அல்ல, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்காரர். 2024 மார்ச்சில் தன் டெபியன் கணினியில் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அரை நொடி! வேறு யாராக இருந்தாலும் நெட்வொர்க்கைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் தோண்டினார். எக்ஸ்இசட் என்ற பேக்கேஜுக்குள் யாரோ ஒளித்து வைத்த கள்ளக்கதவு வெளிப்பட்டது. தானியங்கிச் சோதனைகளின் கண்ணில் படாத திருட்டு அது. உன் சந்தேகத்துக்கும் விலை உண்டு, அதை அடக்காதே!

டெஸ்ட்டே இல்லாத பேக்கேஜ்கள் டெபியனில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ஒன்றை எடு. பழைய மடிக்கணினி போதும். 'டெபியன்' ஃபோல்டருக்குள் 'டெஸ்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர், அதில் ஒரு 'கன்ட்ரோல்' கோப்பு, கூடவே பத்து வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். முடிவில் 0 வந்தால் பாஸ், வேறு எண் வந்தால் ஃபெயில். சிக்கினால் கேட்க, பக்கத்துக் காஞ்சிபுரத்திலேயே லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. ஓடியதும் அந்தப் பேக்கேஜின் பராமரிப்பாளருக்கு அனுப்பு. ஆங்கிலம் தடுமாறுகிறதா? தடுமாறட்டும், அனுப்பு!