கடைசிப் படிக்குப் பிறகும் ஒரு மனு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணை ஒருவன் காரில் கடத்திக்கொண்டு போய்ப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினான் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு செஷன்ஸ் நீதிமன்றத்தில் தொடங்கும். தண்டனை விழுந்தால் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகும். அங்கும் தோற்றால் புத்ராஜெயாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம். செஷன்ஸில் தொடங்கிய வழக்குக்கு அதுவே கடைசிப் படி. அதற்கு மேலே உள்ள கூட்டரசு நீதிமன்றத்துக்கு அது ஏறுவதில்லை. மேல்முறையீடு தள்ளுபடியானதும் அவனுக்குச் சிறை உறுதியாகிறது; அவள் வீட்டுக்குத் திரும்புகிறாள். சில ஆண்டுகள் கழித்துச் சிறையிலிருந்து ஒரு மனு வருகிறது. எனக்குச் சரியான வக்கீல் அமையவில்லை, அந்த ஆள் நானில்லை, என் வழக்கை இன்னொரு முறை பாருங்கள் என்கிறது அது. பார்க்க வேண்டுமா, கூடாதா?

கேட்டவுடனே இரண்டு பதில்கள் வந்து விழும். இப்படிப்பட்ட ஆளுக்கு மறுவிசாரணை ஒரு கேடா என்று ஒரு சாரார் கொதிப்பார்கள். ஒரு நிரபராதிகூடத் தண்டிக்கப்படக் கூடாது, ஆகவே கதவு திறந்தே கிடக்கட்டும் என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். முதல் சாரார் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் பேசுகிறார்கள், ஆனால் உள்ளே இருப்பவன் உண்மையிலேயே அவளைக் கெடுத்தவன்தானா என்று அவர்கள் கேட்பதில்லை. இரண்டாம் சாரார் பேச்சில் அவள் வருவதே இல்லை.

அவளிடமிருந்தே தொடங்கலாம். தோட்டத்து மக்களுக்கு நீதிமன்றம் நெடுங்காலம் எட்டாத இடமாகவே இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சம்பள உயர்வோடு சேர்த்து அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரைமாரும் அவர்களுக்குக் கீழிருந்த உத்தியோகஸ்தர்களும் தங்கள் பெண்களிடம் முறைகெட்டு நடப்பதை நிறுத்த வேண்டும் என்பது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னதும் அதே பட்டியலில் இருந்தது. போலீஸுக்கும் நீதிமன்றத்துக்கும் போக வேண்டிய குற்றம் வேலைநிறுத்தக் கோரிக்கையாக வந்து நின்றது என்றால், புகார் கொடுக்க அந்தப் பெண்களுக்கு வேறு இடமே இல்லை என்று பொருள். போருக்குப் பிறகு கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்ததற்கும் இதே வெறுமை ஒரு காரணம். ஒழுங்கைத் தாங்களே கட்டிக்காக்க வேண்டும் என்று அந்த இளைஞர்கள் நம்பினார்கள்; கள்ளுக்கடைகளை மறித்தார்கள்; 1947இல் போலீஸ் அவர்களை ஒடுக்கியது.

இந்த வரலாற்றைத் தெரிந்தவர்களுக்குத்தான் ஒரு தோட்டத்துப் பெண்ணின் வழக்கு தண்டனைவரை போய்ச் சேர்வது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். அவள் போலீஸ் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருக்கிறாள். சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையில், முன்பின் தெரியாத டாக்டர் தன் உடம்பிலிருந்து மாதிரி எடுக்க ஒப்புக்கொண்டு படுத்திருக்கிறாள். அன்று உடுத்தியிருந்த துணியைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வேறு துணியில் வீடு திரும்பியிருக்கிறாள். அடையாள அணிவகுப்பில் நின்ற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்திருக்கிறாள். பிறகு மாதக்கணக்கில், சில வழக்குகளில் ஆண்டுக்கணக்கில், தேதிக்கு மேல் தேதி. கூண்டில் ஏறி நின்றபோது, மலாயில் வந்த கேள்வியை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்க, ஏன் கத்தவில்லை, கதவைத் திறந்து ஏன் ஓடவில்லை, அவனை முன்னமே தெரியுமா என்பதற்கெல்லாம் முகம் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் பதில் சொல்லியிருக்கிறாள். குழந்தையாக இருந்தால் 2007ஆம் ஆண்டின் குழந்தைச் சாட்சிகள் சட்டம் திரைக்குப் பின்னாலிருந்தோ காணொலி வழியாகவோ பேச வழி செய்கிறது. வளர்ந்த பெண்ணுக்கு அந்த மறைப்பு இயல்பாகக் கிடைப்பதில்லை.

இத்தனைக்கும் பிறகு ‘முடிந்துவிட்டது’ என்று ஒருவர் சொல்ல வேண்டும். அந்த வார்த்தையில் அவளுக்கு உரிமை இருக்கிறது. தீர்ப்புக்கு ஒரு முடிவு வேண்டும் என்று சட்டப் புத்தகங்கள் பேசும்போது நீதிமன்றத்தின் மதிப்பையும் நேரத்தையும்தான் பெரும்பாலும் காரணமாகச் சொல்கின்றன. அதைவிடப் பெரிய காரணம் அவள். அந்த முடிவை நம்பித்தான் அவள் வேலைக்குப் போகிறாள், கல்யாணம் செய்துகொள்கிறாள், தோட்டத்தை விட்டு டவுனில் ஒரு தாமானுக்குக் குடிபெயர்கிறாள்.

இனி உள்ளே இருப்பவன் பக்கம். நமக்கு மிக அருகில் அண்மையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரியில் சென்னை முகலிவாக்கத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஏழு வயதுச் சிறுமி காணாமல் போனாள். பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டது பிறகு தெரிந்தது. தமிழ்நாடு முழுவதும் கொதித்தது. அதே குடியிருப்பில் இருந்த இளைஞனுக்கு 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது.

ஏன்? குற்றச்சாட்டு பதிவானபோது அவனுக்கு வக்கீலே இல்லை. சட்ட உதவி வக்கீல் நியமிக்கப்பட்ட சில நாட்களிலேயே சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. மரண தண்டனைக்குரிய வழக்கின் காகிதங்களைப் படித்து முடிக்கக்கூட அந்த அவகாசம் போதாது. கண்காணிப்புக் கேமராப் பதிவில் அவனைப் பார்த்ததாகச் சொல்லப்பட்டது. அந்தப் பதிவு நீதிமன்றத்துக்கு வரவேயில்லை. குற்றவாளி என்று அறிவித்த அன்றே தண்டனையும் விதிக்கப்பட்டது. சாட்சியச் சங்கிலியில் இவ்வளவு ஓட்டைகள் இருக்கும்போது ஒருவனைத் தூக்கிலிட முடியாது என்றது மூன்று நீதிபதிகள் அமர்வு.

அந்தச் சிறுமியைப் பெற்றவர்கள் எட்டு ஆண்டுகள் காத்திருந்து கேட்ட தீர்ப்பு அது. அதைச் சரியான தீர்ப்பு என்று சொல்லும் யாரும் அவர்கள் முகத்தை ஒரு கணம் நினைத்துப் பார்த்துவிட்டே சொல்ல வேண்டும். நினைத்துப் பார்த்த பிறகும் அது சரியான தீர்ப்புதான் என்றே இக்கட்டுரை கருதுகிறது. அந்தப் பெற்றோருக்கு அநீதி இழைத்தது உச்ச நீதிமன்றமன்று. ஊர்க் கோபத்துக்கு வேகத்தைக் காட்டிப் பதில் சொல்ல நினைத்த விசாரணைதான் அவர்களைக் கைவிட்டது. வக்கீலைத் தொடக்கத்திலேயே கொடுத்து, கேமராப் பதிவைக் கைப்பற்றி, சாட்சிகளை நிதானமாக விசாரித்திருந்தால், தீர்ப்பு எந்தப் பக்கம் போயிருந்தாலும் அது நின்றிருக்கும். இப்போதோ தங்கள் மகளைக் கொன்றவன் யார் என்பதற்குச் சட்டத்திடம் ஒரு பதிலும் இல்லாமல் அவர்கள் நிற்கிறார்கள்.

மறுபரிசீலனையை எதிர்ப்பவர்கள் குற்றவாளி தப்பிவிடுவான் என்று அஞ்சுகிறார்கள். ஆனால் முதல் விசாரணையில் மிச்சம் பிடித்த செலவையெல்லாம் கடைசியில் பாதிக்கப்பட்டவளே வட்டியோடு கட்டுகிறாள். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு முதல் நாளே நல்ல வக்கீல் வேண்டும் என்று அவள் சார்பிலேயே கோரலாம். கெடாவில் பிடிபடும் ஏழைக்கு 2012 முதல் இயங்கும் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வக்கீல் கிடைக்க வழி இருக்கிறது. அந்த வக்கீலின் கட்டணத்தை அரசு ஒழுங்காகக் கொடுப்பதும், படிக்க நேரம் தருவதும் அவளுக்கும் செய்யும் உதவிதான்.

கதவை இறுக்கிச் சாத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே மாநில நீதிமன்றம் தண்டித்தவர் ஆட்கொணர்வு மனு வழியாக மத்திய நீதிமன்றத்தில் தன் தண்டனையைக் கேள்வி கேட்கலாம். 1996இல் வந்த சட்டம் அதற்கு ஓராண்டுக் கெடு வைத்தது. மாநில நீதிமன்றத்தின் முடிவு வெறும் தவறாக இருந்தால் போதாது, நியாயமே இல்லாத தவறாக இருக்க வேண்டும் என்றது. அரிசோனாவில் நான்கு வயதுச் சிறுமியைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கிக் கொன்றதாக 1995இல் மரண தண்டனை பெற்றவர் பாரி ஜோன்ஸ். அவருடைய வக்கீல் மருத்துவச் சான்றுகளை ஒழுங்காக ஆராயவே இல்லை. ஆராய்ந்திருந்தால் ஜூரிகள் வேறு முடிவுக்கு வந்திருக்க வாய்ப்பு உண்டு என்று 2018இல் மத்திய நீதிபதி கண்டார். 2022 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், அந்தப் புதிய சான்றுகளை மத்திய நீதிமன்றம் பார்க்கவே கூடாது என்றது. மாநில அளவிலேயே அவற்றைக் காட்டியிருக்க வேண்டும் என்பது வாதம். அங்கே காட்டத் தவறியதும் அவருக்காக வாதாடிய இன்னொரு வக்கீல்தான். 2023இல் குறைந்த குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு அவர் வெளியே வந்தார். உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, தாமதமாக வந்தாய், போ என்று சொல்வதை எந்த அறநெறியாலும் தாங்கிப் பிடிக்க முடியாது.

மலேசியாவில் ஆட்கொணர்வு மனு வேறு வேலை செய்கிறது. அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு தரும் அந்த உரிமை சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைக்கப்பட்டவர்களுக்கானது. விசாரணையின்றித் தடுத்து வைக்கும் சட்டங்களில் சிக்கியவர்கள்தான் அதை அதிகம் நாடுகிறார்கள். முறையான நீதிமன்றம் தண்டித்தவனை அது வெளியே கொண்டுவராது. கூட்டரசு நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திரும்பிப் பார்க்க 1995ஆம் ஆண்டு விதிகளில் 137ஆவது விதி இருக்கிறது. மிக அரிதாகவே அது பலிக்கிறது. அன்வார் இப்ராஹிமின் மறுபரிசீலனை மனு 2016 டிசம்பரில் தள்ளுபடியானது. நஜிப் ரசாக்கின் மனு 2023 மார்ச்சில் நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில் தோற்றது. அன்வாருக்கு 2018 மே மாதம் மாமன்னரின் முழு மன்னிப்பு கிடைத்தது.

இரண்டும் நாடறிந்த தலைவர்களின் வழக்குகள். ரிங்கிட்டை எண்ணிச் செலவு செய்யும், சுங்கை பட்டாணிக்கு அருகே உள்ள பீடோங் குடும்பத்துக்கு இந்தப் பாதைகள் எங்கே? கெடாவில் நடந்த குற்றத்துக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரம் கெடா சுல்தானிடம் இருக்கிறது. மன்னிப்பு வாரியம் ஆலோசனை சொல்லும். ஆனால் மன்னிப்பு என்பது கருணை. செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருப்பவன் கருணையைக் கேட்டுத்தான் வெளியே வர முடியும் என்பது முறையல்ல. அவன் கேட்பது உண்மை.

இங்கிலாந்தில் ஆண்ட்ரூ மால்கின்சனுக்கு நடந்தது இதைத்தான் காட்டுகிறது. 2003இல் சால்ஃபோர்ட் பகுதியில் ஒரு பெண் தாக்கப்பட்டு வன்புணர்வுக்கு ஆளானார். அடையாளம் காட்டிய சாட்சிகளை நம்பி 2004இல் மால்கின்சன் தண்டிக்கப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டு திருந்தியதாகச் சொல்லியிருந்தால் பல ஆண்டுகள் முன்னமே அவர் வெளியே வந்திருக்கலாம். செய்யாததை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று 17 ஆண்டுகள் சிறையில் இருந்தார். அந்தப் பெண்ணின் ஆடையில் வேறொரு ஆணின் மரபணு இருப்பது 2007இலேயே தெரிந்திருந்தது. தவறான தண்டனைகளை ஆராய 1997 முதல் அங்கே ஒரு தனி ஆணையம் இருக்கிறது. அதுவே இருமுறை அவர் மனுவைத் தட்டிக்கழித்தது. 2023 ஜூலையில்தான் தண்டனை ரத்தானது.

அந்தப் பதினேழு ஆண்டுகளை அவர் இழந்தது மட்டுமா? அந்தப் பெண்ணை உண்மையில் தாக்கியவன் அத்தனை காலமும் வெளியே நடமாடினான். அவளுக்கு நீதி கிடைத்துவிட்டது என்றே சட்டம் எடுத்துக்கொண்டது. கெடாவின் பொக்கோக் செனா சிறையில் தவறான ஆள் இருந்தால் சரியான ஆள் ஏதோ ஒரு லயத்திலோ தாமானிலோ இருக்கிறான். ஆகவே ‘நான் அவனில்லை’ என்று சான்றோடு வரும் மனுவைப் பார்ப்பது அவளுக்கு எதிரான செயலாகாது. அவள் பொய் சொன்னாள் என்பதற்கும், உண்மையைச் சொன்னவள் இருட்டில் முகம் மாறிப் பார்த்தாள் என்பதற்கும் மலையளவு வேறுபாடு. நீதிமன்றமும் பத்திரிகையும் அந்த வேறுபாட்டை உரக்கச் சொல்ல வேண்டும்.

எல்லா மனுவுக்கும் ஒரே எடை இல்லை. உண்மையைத் தொடாத சிறு முறைப்பிழையைப் பல ஆண்டு கழித்துத் தூக்கிவந்தால், அவளுடைய அமைதிதான் பெரிது என்று நீதிமன்றம் சொல்லலாம். சொல்லவும் வேண்டும். தீர்ப்பையே மாற்றக்கூடிய சான்று வந்தால் காலக்கெடு பேசக் கூடாது. வன்புணர்வுக்குப் பிரம்படியும் உண்டு. பிட்டத்தில் விழுந்த அடியை எந்தத் தீர்ப்பும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

பார்ப்பது எப்படி என்பதில்தான் அவளுக்குச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆய்வகத்தில் முடிகிற காரியத்துக்கு அவளை மறுபடி கூண்டில் ஏற்றக் கூடாது. அவள் முன்பு சொன்னது வரிக்கு வரி பதிவில் இருக்கிறது, அதை வைத்தே பெரும்பாலான மனுக்களை முடிவு செய்யலாம். மனு வந்த செய்தியைப் பத்திரிகையிலோ வாட்சப்பிலோ அவள் பார்க்க நேரக் கூடாது. அதிகாரி ஒருவர், அவளுக்கு வசதியான மொழியில், நேரில் போய்ச் சொல்ல வேண்டும். மறுத்தால் அதற்கான காரணத்தையும், ஏற்றால் அடுத்து நடக்கப் போவதையும் அவளே முதலில் அறிய வேண்டும். மலேசியாவில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மரபணுத் தரவுக் களஞ்சியம் இருக்கிறது. தவறான தண்டனைகளை ஆராயும் தனி ஆணையம் இல்லை. அப்படி ஒன்று அமைந்து, தோட்டத்திலிருந்து போகிற மனுவுக்கும் தலைவர்களின் மனுவுக்கும் ஒரே வரிசை என்றாக வேண்டும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. மருத்துவமனையில் அவள் கொடுத்த மாதிரியையும் காகிதப் பையில் போட்ட துணியையும், தண்டிக்கப்பட்டவன் உள்ளே இருக்கும் கடைசி நாள்வரை அழிக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் எழுதி வைக்கலாம்.