மண் குதிரைக்குக் காவல் எதற்கு?

தில்லியில் பழைய கோட்டைக்கு அருகே, பைரோன் சாலையை ஒட்டித் தேசியக் கைவினை அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 1972இல் நடைபெற்ற ஆசிய வணிகக் கண்காட்சிக்கென நாட்டின் பல பகுதிக் குடிசைகளையும் முற்றங்களையும் கொண்ட கிராமத் தொகுதி ஒன்று அங்கே எழுப்பப்பட்டது. பின்னர் சார்லஸ் கொரியா வகுத்த கட்டடம் அதனோடு இணைந்தது. நம் நாட்டு ஐயனாரின் சுடுமண் குதிரைகளும் அங்கே நிற்கின்றன.

ஒரு மார்கழிக் காலையில் நாம் குடும்பத்தோடு அங்குச் சென்றிருந்தோம். உடன் வந்த அன்னையார் சிவகங்கைச் சீமையில் பிறந்தவர். குதிரையைக் கண்டதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பினார். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த நம் மகள், “அப்பத்தா, இது கோயிலா?” என்று வினவினாள். அன்னையார் சற்றுத் தயங்கினார். “கோயில் இல்ல ஆத்தா. ஆனா குதிரை சாமியோடதுதானே” என்றார்.

அந்த ‘ஆனா’ என்னும் ஒரு சொல் நம்மை நெடுநாள் விடவில்லை. தொழத் தக்க பொருளும் காணத் தக்க பொருளும் ஒன்றாக இருக்க இயலுமா? அழியட்டும் என்று ஊரார் விட்டுவிடும் ஒன்றை அழியாமற் காப்பது, அதற்குச் செய்யும் சிறப்பா, பிழையா?

புரவி எடுப்பு என்னும் விழாவை அறியாத இளையோர்க்காக அதைச் சற்று விரித்துரைப்போம். சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் விழா எடுக்க முடிவு செய்த ஊரார், முதலில் தம் மண்ணில் ஒரு பிடி எடுத்து வேளாரிடம் கொடுப்பர். இதற்குப் பிடிமண் கொடுத்தல் என்று பெயர். வேளார் குயவர், பல ஊர்களில் ஐயனாருக்குப் பூசை செய்பவரும் அவரே. அவர் களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து பிசைந்து, முதலில் கால்களை எழுப்பி, அவை சற்று இறுகிய பின்னரே உடலை வளர்ப்பார். உள்ளே கூடாக இருந்தால்தான் சூளையில் வெடிக்காது. வெந்த குதிரைக்கு வண்ணம் தீட்டி, குறித்த நாளில் பொட்டலில் வரிசையாக நிறுத்தி, கண் திறப்பர். அதுவரை மண்ணாக இருந்தது அக்கணம் முதல் தெய்வத்தின் ஊர்தி. ஊர் இளைஞர் தோளிலேற்றி ஐயனார் கோயிலுக்குச் சுமந்து செல்வர். இரவில் ஐயனார் அதன் மீதேறி ஊர் எல்லையைச் சுற்றிக் காப்பார் என்பது நம்பிக்கை. சிங்கம்புணரியில் சேவுகப்பெருமாள் ஐயனாருக்கு எடுக்கும் புரவிகளைக் கண்டவர் நம் வாசகரிலும் சிலர் இருக்கக்கூடும்.

அதன்பின் அக்குதிரைக்குக் கூரை இல்லை. மழை வண்ணத்தைக் கரைக்கும்; செவி உடையும்; வயிற்றுக்குள் புல் முளைக்கும். அதை எவரும் குறையாகக் கருதுவதில்லை. (மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்னும் பழமொழிக்கு உரை சொல்பவர்கள், அது குதிரையன்று, ஆற்று மணல் திட்டாகிய குதிரே என்பர். எவ்வாறாயினும் மண் குதிரை நிலையாதது என்பதில் ஊராருக்கு ஐயம் இருந்ததில்லை.)

இனி, கடல் கடந்த ஒரு குதிரை விழாவையும் நோக்குவோம். ஸ்பெயின் நாட்டு மூர்சியா மாநிலத்தில் கரவாக்கா என்றொரு மலைக்கோட்டை நகரம் உண்டு. முற்றுகையிடப்பட்ட அக்கோட்டைக்குள் வீரர் சிலர் குதிரைகளின் மீது மதுவைச் சுமந்து பகைவரை ஊடறுத்துச் சென்றனர் என்பது அவ்வூர்க் கதை. அதை நினைந்து ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் குதிரைகளைப் பட்டும் பொன்னிழையும் கொண்டு தைத்த போர்வைகளால் அணிசெய்கின்றனர். பின்பு குதிரைக்கு இருபுறமும் நால்வர் பற்றிக்கொண்டு கோட்டைச் சரிவில் மேல்நோக்கி ஓடுகின்றனர். பிடியை விட்டவர் குழு தோற்றது. 2020இல் யுனெஸ்கோ இதனை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அவ்விழாவுக்கென்றே அந்நகரில் ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

ஆனால் அங்கே காட்சியில் உள்ளவை ஓடி முடித்த போர்வைகள். அடுத்த ஆண்டின் போர்வைக்கான ஊசி அதே ஊரில் ஏதோ ஒரு வீட்டில் அசைந்துகொண்டிருக்கும். பார்ப்பவர் வெளியே வந்தால் அதே தெரு, அதே சரிவு. நம் தில்லிக் குதிரைக்கு வெளியே பிரகதி மைதானத்து ஊர்திகளின் இரைச்சல்தான். அதற்குக் காக்க ஓர் எல்லை இல்லை. அதையே பிறர் காக்கின்றனர்.

இவ்வாறு எண்ணி நாம் அருங்காட்சியகத்தின் மீது சற்றுச் சினமே கொண்டிருந்தோம். அச்சினம் அவ்வளவு நேரியதன்று என்பதை உணர்த்தியவர் ஒரு முதிய வேளார். மறு ஆண்டு விடுமுறையில் மகளைச் சிங்கம்புணரிக்கு அப்பால் உள்ள அன்னையாரின் ஊருக்கு அழைத்துச் சென்றிருந்தோம். ஐயனார் கோயிற் சோலையில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்த பழங்குதிரைகளைக் கண்டு அவள் கலங்கி, “இதையெல்லாம் ஏன் யாரும் ஒட்டவில்லை?” என்று கேட்டாள். பெரியவர் சிரித்தார். “ஒட்டிக்கிட்டே இருந்தா நாங்க வனையிறது எப்ப பாப்பா? இது உடைஞ்சாத்தான் என் மகன் கத்துக்குவான்” என்றார். பிறகு தாமாகவே, தம் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதாகவும் சொன்னார்.

அதன்பின் எந்தப் பக்கம் பேசுவது? குதிரை அழியலாம், கை அழியாதவரை. கையும் அழியும் காலத்தில் காக்கப்பட்ட குதிரை ஒன்றாவது வேண்டாமா? அவ்வருங்காட்சியகமும் வெறும் பொருட்களஞ்சியமாகத் திட்டமிடப்பட்டதன்று. நாட்டின் பல பகுதிக் கைவினைஞரை வரவழைத்து, முற்றத்தில் அமர்ந்து தொழில் செய்யவைக்கும் வழக்கத்தை அது வளர்த்தது. அதனை நாம் பாராட்டாமல் இருத்தல் நன்றன்று. ஆயினும் நேர்ந்து விட்ட குதிரையைக் கோயிலிலிருந்து பெயர்த்து வருவதை நாம் ஒருபோதும் ஒப்போம். கொடுத்ததைத் திரும்பப் பெறும் உரிமை கொடுத்தவர்க்கே இல்லை, பிறர்க்கு ஏது? காட்சிக்கென்றே வனைந்தது வேறு. அதற்குப் பிடிமண் கொடுத்த ஊர் இல்லை. அது எவரையும் ஏமாற்றவும் இல்லை.

நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம் முதலாக இங்கு நாம் அமைத்துக்கொண்டவை எல்லாம் எதற்காக? பிள்ளைகள் மேடையேறிப் பிழையின்றி ஒப்புவிக்கும்போது நாம் கைதட்டுகிறோம். அதே பிள்ளை வீட்டில் தானாக ஒரு தமிழ் வாக்கியம் தொடங்கித் தடுமாறினால் சிரித்துத் திருத்திவிடுகிறோம். உடையாத குதிரைகளையே விரும்பும் பழக்கம் நமக்கும் உண்டு போலும்.

சென்ற கோடையில் மகள் உத்தம் நகர்க் குயவர் தெருவிலிருந்து ஒரு பை களிமண் வாங்கி வந்து மாடி முற்றத்தில் குதிரை செய்யத் தொடங்கினாள். பொறுமையின்றி நான்கு கால்களின் மேலும் உடனே உடலை ஏற்றியதால் அது முன்னங்கால் மடிந்து விழுந்தது. அன்னையார் அருகே அமர்ந்து, காலைக் காயவிட்டுப் பிறகு மேலே போகுமாறு சொன்னார். மூன்றாவது குதிரை ஒருவாறு நின்றது. முகம் என்னவோ ஆட்டினுடையதாக இருந்தது.

“கண் வைக்கட்டுமா, அப்பத்தா?” என்றாள்.

“இரு ஆத்தா,” என்று அன்னையார் எழுந்து, செருப்பைத் தள்ளி வைத்துவிட்டு வந்து அமர்ந்தார்.