முள் காட்டிய அறுபது

பொய்யென்று தெரியாமல் ஒருவன் சொல்லும் பொய்க்கு அவன் பொறுப்பாளியா? இந்தக் கேள்வி எனக்குத் தத்துவ நூல் எதிலிருந்தும் கிடைத்ததல்ல. ஒரு பழைய ஜீப்பின் ஸ்பீடாமீட்டர்தான் இதை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

சிறுமலை அடிவாரத்துத் தோட்டத்துக்குப் போகும் பாதையில் ஜீப்பின் வயிறு கல்லில் இடித்துக்கொண்டே இருந்தது. அதனால் 28 அங்குல உயர டயர்களைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயர்களைப் பூட்டினேன். வண்டி நிமிர்ந்து நின்றது. அதில் உட்கார்ந்திருந்த நானும் சற்று நிமிர்ந்துகொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, நத்தம் சாலையில் ஒரு வெள்ளாடு குறுக்கே ஓடியது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது, ஆனால் ஆட்டைத் தாண்டி நின்றது.

ஆட்டுக்காரக் கிழவி ஓடி வந்தாள். "ஏய்யா, இம்புட்டு வெரசாவா வர்றது?" என்றாள்.

"பாட்டி, நான் அறுபதுக்கு மேல் போகவில்லை. மீட்டரைப் பார்த்துத்தான் ஓட்டினேன். ஆடுதான் திடீரென்று பாய்ந்தது."

"அறுபதோ எழுபதோ எனக்கென்னய்யா தெரியும்? வெரசா வந்தே. அது தெரியும்."

அறியாத கிழவி என்று நினைத்துக்கொண்டேன். குற்றம் இருவருக்கும் பாதிப் பாதி என்று தீர்ப்புச் சொல்லி, அவள் கேட்ட விலையில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிறகு, வண்டி டீசலை அதிகமாகக் குடிக்கிறதென்று பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் சக்கரத்தைப் பார்த்துச் சிரித்தார். "சார், வண்டி டீசலைக் குடிக்கலே. மீட்டர்தான் கிலோமீட்டரை முழுங்குது!"

அவர் விளக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. 1902இல் ஓட்டோ ஷூல்ட்சே என்ற ஜெர்மானியர் காப்புரிமை பெற்ற முறையில் இயங்கும் கருவி அது. கியர் பெட்டியிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தம் ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கிறது. மெல்லிய சுருள்வில் அதைத் தடுத்துப் பிடிக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. பாவம், அதற்குச் சாலை தெரியாது. சுற்றுவது மட்டுமே தெரியும். பழைய சக்கரம் ஒரு சுற்றுக்கு 88 அங்குலம் போயிற்று. புதியது 97 அங்குலத்துக்கு மேல் போகிறது. கருவி இன்னும் பழைய சக்கரத்தையே நம்பிக்கொண்டிருந்தது.

நேரில் சோதித்துப் பார்த்தேன். முள்ளை 60இல் நிறுத்தி ஓட்டினால் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 60 விநாடி ஆக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை மகன் கடிகாரத்தைப் பார்த்து, "ஐம்பத்து நாலு, மாமா" என்றான். நான் போனது அறுபதல்ல, அறுபத்தாறு! வேகம் 10 சதவீதம் கூடினால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் 20 சதவீதத்துக்கும் மேல் கூடும். ஆடு அந்த தூரத்துக்குள்தான் இருந்ததா? யார் கண்டார்கள்! ஆனால் 'இல்லை' என்று சொல்லும் உரிமையை நான் இழந்துவிட்டேன்.

திருத்தம் என்னவோ எளிதாகத்தான் முடிந்தது. கேபிளின் முனையில் 20 பல் கொண்ட சிறு சக்கரம் இருந்தது. அதை எடுத்துவிட்டு 18 பல் சக்கரத்தைப் போட்டார் மெக்கானிக். கேபிள் வேகமாகச் சுற்றியது. முள் உண்மைக்குத் திரும்பியது.

மனிதருக்குள்ளும் இப்படி ஒரு முள் இருக்கிறது. பதவி உயர்கிறது, பணம் சேர்கிறது, பெயர் பரவுகிறது. நம் சக்கரம் பெரிதாகிவிடுகிறது. குமாஸ்தாவாக இருந்தபோது சொன்ன அதே கடுஞ்சொல், அதிகாரியான பிறகு ஒருவனுடைய பிழைப்பையே நசுக்கிவிடக்கூடும். உள்ளே இருக்கும் முள்ளோ, "நான் அன்றிருந்தபடியேதான் இருக்கிறேன்" என்று பழைய எண்ணையே காட்டுகிறது. அது பொய் சொல்லவில்லை. சக்கரத்தை மாற்றிய நாம்தான் அதற்குச் சொல்லவில்லை.

ஐக்கிய நாடுகள் வகுத்த வாகன விதி ஒன்று உண்டு. ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிடச் சற்று அதிகமாகக் காட்டலாம். ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது. மனச்சாட்சிக்கும் இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, என் கேள்விக்கு இதுதான் பதில்: அறியாமல் சொன்னது பொய்யாகாமல் போகலாம். ஆனால் அந்த அறியாமையை உண்டாக்கியவன் நான். எதிரே நின்றவள் கண்ணால் கண்டதைச் சொன்னபோது, அதை ஒதுக்கிவிட்டு முள்ளை நம்பியவனும் நானே. முள்ளைத் திருத்திவிடலாம், அன்று கொடுத்த தீர்ப்பு தானாகத் திருந்துமா?

மறுபடியும் நத்தம் சாலைக்குப் போனேன். கிழவியைத் தேடிக் கண்டுபிடித்து, மீதிப் பணத்தை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். பல்சக்கரமும் காந்தமும் அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, பணத்தை வாங்கி நிதானமாக முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அப்படின்னா, ஆட்டு மேல தப்பில்லேன்னு சொல்லு" என்றாள்.

"இல்லை, பாட்டி" என்றேன்.